தஞ்சாவூர் கலைக்கூடம் போறோம், அங்க எதை எப்படி பாக்கணும்?

நெய்தல்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் அப்பாவையும் என் பையனையும் (ஒன்பது வயசு) கூட்டிட்டு தஞ்சாவூர் போறேன். பெரிய கோயில் எப்படியும் பாத்துடுவோம், என் கேள்வி அரண்மனைக்குள்ள இருக்குற கலைக்கூடத்தைப் பத்தி. ஆறேழு வருஷம் முன்னாடி ஒரு தடவை போயிருக்கேன். உண்மையச் சொன்னா இருபது நிமிஷத்துல வெளிய வந்துட்டேன். நடராஜர், பக்கத்துல அம்மன், அடுத்து இன்னொரு நடராஜர், மறுபடி அம்மன், ஒவ்வொண்ணுக்கும் கீழ இருக்குற பலகைய படிக்கிறது நகர்றது படிக்கிறது நகர்றதுன்னு போயிட்டே இருந்தேன், வெளிய வந்தப்ப ஒரு சிலை கூட மனசுல நிக்கல. வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேர் ஒரே சிலை முன்னாடி அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க, அப்படி என்னதான் பாக்குறாங்கன்னு அப்பவே தோணுச்சு.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கூச்சமா இருக்கு. எங்கப்பா மியூசியத்துல சாமி சிலையப் பாத்தா கும்புடுவாரு. செருப்ப கழட்டி ஓரமா வச்சிட்டு கண்ண மூடி நின்னுடுவாரு. பின்னாடி வர்றவங்க சிரிக்கிறாங்க, பையன் வேற தாத்தா ஏன் இப்படின்னு கேக்குறான். இது தப்பா? தப்பில்லையா? எனக்கே சொல்லத் தெரியல.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. மூணு மணி நேரம் ஒதுக்க முடியும்.

---

ரெண்டாம்டோஸ் காபி:

முதல்ல ஒண்ணு, அரண்மனை வளாகத்துக்குள்ள கலைக்கூடம் தனி, சரஸ்வதி மகால் நூலகம் தனி, மராட்டா தர்பார் தனி, மணி கோபுரம் தனி. எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு கிளம்புனீங்கன்னா போன தடவை மாதிரிதான் ஆகும். காலைலயே போயிடுங்க, வெயில் ஏறுனா பெரியவங்களுக்கு அந்த முற்றத்துல நடக்கவே கஷ்டம்.

பையனுக்கு ஒரு ஐடியா. சரஸ்வதி மகால் மியூசியத்துல மனுஷ மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைஞ்ச படங்க இருக்கும், பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ருன்னோடது. ஆந்தை மாதிரி ஆளு, ஆடு மாதிரி ஆளுன்னு. ரெண்டாம் சரபோஜி ராஜா சேத்து வச்ச சரக்கு, அந்த மனுஷன் கைக்கு கிடைச்ச எதையும் விடல, ஓலைச்சுவடில இருந்து வைத்தியம் வரைக்கும். சின்னப் பசங்க அங்கேருந்து நகரவே மாட்டாங்க. ஆனா சீனாக்காரங்க தண்டனை கொடுக்குற படங்களும் அங்கதான் இருக்கும், அத பையன் கண்ணுல படாம தாண்டிடுங்க.

அப்புறம் அரண்மனை வளாகத்துல திமிங்கல எலும்புக்கூடு இருக்கு. அரண்மனைல திமிங்கலமான்னு கேக்காதீங்க, இருக்கு.

---

குடமுருட்டி:

நெய்தல்பூ, உங்க இருபது நிமிஷக் கதை என் கதையும்தான். எனக்கு மாறுனது எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கலைக்கூடத்துல எல்லாத்தையும் பாக்காதீங்க. மூணே மூணு. திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளை வாகன சிவன்), திருவெண்காட்டு கல்யாணசுந்தரர், தாராசுரத்துல இருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி. மத்ததெல்லாம் போற வழில கண்ணுல பட்டா பட்டுட்டு போகட்டும்.

ரிஷபவாகனர் 1011ல செஞ்சது, அதாவது பெரிய கோயில் முடிஞ்சு ஒரு வருஷம், ராஜராஜன் உயிரோட இருந்த காலம். பக்கத்துல நிக்கிற தேவி அதுக்கு அடுத்த வருஷம் வந்தவங்க. இவ்ளோ துல்லியமா எப்படித் தெரியும்னா திருவெண்காடு கோயில் கல்வெட்டுல இருக்கு. பெரும்பாலான செப்புத் திருமேனிக்கு "பத்தாம் நூற்றாண்டு, பதினொண்ணாம் நூற்றாண்டு"ன்னு ஒரு குத்துமதிப்புதான் சொல்ல முடியும், இவருக்கு பொறந்த வருஷமே தெரியும். அதனால மத்த சிலைகளோட காலத்த கணிக்கிறவங்க இவர வச்சுத்தான் ஒப்பிடுவாங்க.

இவர்கிட்ட என்ன பாக்கணும்? வலது கை. முட்டி மடங்கி அந்தரத்துல நிக்கும். ஏன்னா அவரு பக்கத்துல ஒரு காளை நிக்கணும், அது மேல கைய சாச்சிட்டு ஒரு காலுக்கு குறுக்க இன்னொரு கால போட்டுட்டு ஹாயா நிக்கிறாரு. காளை இப்ப இல்ல, கிடைக்கவே இல்ல. ஆனா அஞ்சு நிமிஷம் அந்த கையையே பாத்துட்டு நின்னீங்கன்னா காளை எவ்ளோ உயரம், அதோட திமில் எங்க வரும்னு உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். உடம்போட பாரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு இடுப்புல பாருங்க. பையன அதே மாதிரி நிக்கச் சொல்லிப் பாருங்க, அப்ப தெரியும் அந்த ஸ்தபதி யாருன்னு. தலைல ஜடாமகுடம் கிடையாது, முடிய தலைப்பாகை மாதிரி சுத்தி பாம்புகள விட்டிருப்பாரு. எங்கேயோ மாடு மேய்க்கப் போன இளவட்டம் வரப்புல நின்னு பேசிட்டிருக்கற மாதிரி இருக்கும் (எங்க ஊர்ல அப்படித்தான் நிப்பாங்க).

கல்யாணசுந்தரர் வந்து கல்யாண சீன். சிவன் பார்வதி கையப் புடிச்சிருக்காரு, பெருமாளும் லட்சுமியும் பொண்ணு வீட்டுக்காரங்களா கூட நிக்கிறாங்க. பார்வதி தலைய மட்டும் பாருங்க, லேசா சாஞ்சிருக்கும், கொஞ்சூண்டு. செம்புல வெக்கத்த எப்படி வார்க்கிறது?

கஜசம்ஹாரர் கல்லு, பன்னெண்டாம் நூற்றாண்டு, ரெண்டாம் ராஜராஜன் கட்டுன தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில்ல இருந்து வந்தது. யானைத் தோல கிழிச்சு மேல போத்திக்கிட்டு உடம்ப முறுக்கிட்டு ஆடுறாரு. நேரா நின்னு பாக்காதீங்க, ஒரு பக்கமா நகந்து பாருங்க. முதுகும் பாதமும் ஒரே நேரத்துல தெரியும், மனுஷ உடம்பால முடியாத ஒரு திருகு, ஆனா பாக்கும்போது தப்பாவே தெரியாது. கிட்டக்கயே உமையம்மை மிரண்டு விலகுற மாதிரி இருப்பாங்க.

மூணுக்கும் தலா இருபது நிமிஷம். போதும்.

---

பழைய சிலேட்டு:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்லப் போறேன், யாரும் கோச்சுக்காதீங்க. எனக்கு மியூசியத்துல சாமி சிலைகளப் பாக்கவே பிடிக்காது. பூசை இல்ல, விளக்கு இல்ல, ஒரு பூ கூட இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல நிக்க வச்சிருக்கோம். அதெல்லாம் வீதியுலா போக செஞ்சது. பீடத்துல பாருங்க ஓட்டை, வளையம் எல்லாம் இருக்கும், எதுக்கு? கயிறு கட்டி பல்லக்குல ஏத்தத்தான். ஆயிரம் வருஷம் ஊரச் சுத்தி வந்தவர ஒரு இடத்துல நிறுத்திட்டு கலை கலைன்னு சொல்லிட்டிருக்கோம். உங்கப்பா கும்புடுறதுதான் சரி, சிரிக்கிறவங்களுக்குத்தான் விவரம் பத்தல. அந்தந்த ஊர் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கணும், என் கருத்து இதுதான்.

---

உளிச்சத்தம்:

பழைய சிலேட்டு அண்ணே, பாதி ஒத்துக்குறேன், பாதி இல்ல.

ஆயிரம் வருஷமும் ஊர் சுத்தி வந்தாங்கன்னு சொல்றீங்களே, அங்கதான் கொஞ்சம் இடிக்குது. இந்த திருவெண்காட்டு சிலைங்க எல்லாம் மண்ணுக்குள்ள கிடந்தவங்க. 1950கள்ல தோண்டுனப்ப கிடைச்சவங்க. 1311 வாக்குல மாலிக் கபூர் படை தெக்க வந்தப்பவும் சரி, அதுக்கப்புறம் வந்த சண்டைங்கள்லயும் சரி, கோயில்காரங்க உற்சவர்களக் குழி வெட்டி மணல் போட்டு புதைச்சு வச்சாங்க. புதைச்சவங்க செத்துட்டாங்க, இடம் யாருக்கும் தெரியாமப் போச்சு. அப்புறம் யாராவது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்பவோ கோயில் திருப்பணி பண்றப்பவோ மண்வெட்டில "டங்"குன்னு ஒரு சத்தம் கேக்கும். 1878ல வந்த புதையல் சட்டப்படி அது அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும், அப்படித்தான் பலது மியூசியத்துக்கு வந்துச்சு. தஞ்சை கலைக்கூடமே 1951ல ஆரம்பிச்சது, சிதஞ்ச கோயில்கள்லயும் வயல்லயும் கேப்பாரில்லாம கிடந்தத எல்லாம் கொண்டுவந்து சேத்த இடம் அது.

திருப்பிக் கொடுக்கணும்னு சொல்றீங்க, ஆசை எனக்கும் இருக்கு. ஆனா பத்தூர் நடராஜர் கதை தெரியும்ல? 1976ல மண்ணுல இருந்து கிடைச்சாரு, அதிகாரிங்களுக்குத் தெரியாம கைமாறி கைமாறி லண்டன் போயிட்டாரு. கோயில் பேர்லயே வழக்கு நடத்தி ஜெயிச்சு 1991லதான் திரும்ப வந்தாரு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் மண்ணுல கூட இல்ல, பாழடைஞ்ச கோயிலுக்குள்ளயே இருந்தவரு, பூட்ட உடைச்சு எடுத்துட்டுப் போயி ஆஸ்திரேலியா நேஷனல் கேலரி வரைக்கும் போயி 2014ல திரும்புனாரு. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரங்க பழைய காலத்துல ஊர் ஊரா போயி எடுத்து வச்ச போட்டோ இல்லன்னா நம்மாளுன்னு நிரூபிச்சிருக்கவே முடியாது. கிராமத்துக் கோயில்ல ஒரு வேளை பூசைக்கே ஆள் இல்லாத இடத்துல அவ்ளோ விலை பேசுற சாமிய எப்படி வைக்கிறது? இப்பவும் பல ஊர் உற்சவர்கள் திருவாரூர் கோயில்ல இருக்குற பாதுகாப்பு மையத்துலதான் இருக்காங்க, திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு திரும்ப வந்துடுவாங்க.

சரி, நெய்தல்பூ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். எங்க தாத்தா வழில சுவாமிமலைல வார்ப்பு வேலை பாத்தவங்க உண்டு, நான் அந்தத் தொழிலுக்குப் போகல, ஆனா பட்டறைல விளையாடிருக்கேன். சிலை எப்படிப் பொறக்குதுன்னு தெரிஞ்சா பாக்குற விதமே மாறிடும், பையனுக்குச் சொல்லுங்க.

முதல்ல மெழுகுல சிலை. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் சேத்து காச்சுன மெழுகு. அளவுக்கு ஸ்கேல் கிடையாது, தென்னை ஓலைய சிலை உயரத்துக்கு நறுக்கி மடிச்சு மடிச்சு மூஞ்சி இவ்ளோ, மார்பு இவ்ளோன்னு பிரிப்பாங்க, ஒடி ஓலைன்னு பேரு. மெழுகு உருவத்து மேல காவேரி வண்டல் மண்ண பூசுவாங்க. தாத்தா அந்த மண்ண கைல தேச்சு மோந்து பாப்பாரு, வெண்ணெய் மாதிரி இருக்கணும்பாரு, ஏன்னா மெழுகுல நகக்கீறல் இருந்தாக்கூட அந்த மண்ணு அத புடிச்சுக்கும். அதுக்கு மேல முரட்டு மண்ணு, கம்பி கட்டு. காயவச்சு சூடு பண்ணா மெழுகு உருகி வெளிய ஓடிடும், உள்ள சிலை வடிவத்துல வெறும் இடம். அந்த இடத்துல உருக்குன உலோகத்த ஊத்துறது. ஆறுன பிறகு மண்ண உடைக்கணும். அதாவது மெழுகும் போச்சு, அச்சும் போச்சு, ஒரே ஒரு சிலைதான், இன்னொண்ணு வேணும்னா மறுபடி முதல்ல இருந்து. கன வார்ப்புங்கறதால உள்ள பொள்ளல் கிடையாது, முழுக்க உலோகம். அந்த ரிஷபவாகனர தூக்கணும்னா எத்தன பேர் வேணும்னு பையன யோசிக்கச் சொல்லுங்க.

இப்ப பாக்கும்போது ஒண்ணு பண்ணுங்க. நீங்க செம்பப் பாக்கல, ஆயிரம் வருஷம் முன்னாடி ஒருத்தர் விரலால தடவுன மெழுகப் பாக்குறீங்க. தோள், வயிறு, தொடை இதுலெல்லாம் அந்த வழவழப்பு தெரியும். நாயக்கர் காலத்து சிலைகளும் அங்க இருக்கும், பக்கத்துல வச்சுப் பாருங்க, மூக்கு கூர்மையா இருக்கும், நகை கூடிப் போயிருக்கும், உடம்பு கொஞ்சம் விறைச்சு நிக்கும். மட்டம்னு சொல்லல. ரசனை மாறிடுச்சு.

---

குடமுருட்டி:

உளிச்சத்தம் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். கோயில்ல இந்த உற்சவர்கள நாம முழுசா பாத்ததே கிடையாது. பட்டு, மாலை, நகை, மூஞ்சி மட்டும்தான் தெரியும், அதுலயும் பாதி சந்தனம். சிற்பி இடுப்புல போட்ட மடிப்பு, முதுகுல விழுற முடிச்சுருள், தலைக்குப் பின்னாடி இருக்குற சக்கர அலங்காரம் (சிரச்சக்கரம்), இதெல்லாம் அர்ச்சகர தவிர யாரும் பாத்திருக்க மாட்டாங்க. யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும் பின்பக்கத்த அவ்ளோ நேர்த்தியா பண்ணி வச்சிருக்கான். அதனால எங்கெல்லாம் சுத்தி வர முடியுதோ பின்னாடி போயிப் பாருங்க.

---

பழைய சிலேட்டு:

உளிச்சத்தம் தம்பி, மண்ணுக்குள்ள கிடந்தத நான் யோசிக்கல, அத ஏத்துக்குறேன். ஆனா விளக்கு இல்லாதது இன்னும் எனக்கு உறுத்தத்தான் செய்யுது. அது மாறாது.

---

ரெண்டாம்டோஸ் காபி:

எழும்பூர் மியூசியத்துலயும் இதே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்காரு, சென்னைப் பக்கம் வந்தா பாருங்க, இந்த ரிஷபவாகனரப் பாத்த சூட்டோட பாத்தா இன்னும் நல்லாருக்கும். வெள்ளிக்கிழமை லீவு, நான் வெள்ளிக்கிழமைதான் போனேன், கேட்டப் பாத்துட்டு வந்தேன்.

---

நெய்தல்பூ (போயிட்டு வந்து எழுதுனது):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தோம்.

மூணுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள போனேன், ஆனா ரெண்டுதான் ஒழுங்கா பாக்க முடிஞ்சுது. கஜசம்ஹாரர் முன்னாடி நிக்கும்போது பையனுக்குப் பசி வந்துடுச்சு, அஞ்சு நிமிஷம்தான். ஆனா அந்த ஒரு பக்கமா நகந்து பாக்குறது, ஆமா, அங்க ஏதோ நடக்குது, நேரா நிக்கும்போது தட்டையா இருந்தது திடீர்னு திரும்புற மாதிரி.

ரிஷபவாகனர்கிட்ட பையன்கிட்ட எதுவும் சொல்லாம "இந்த மாமா கை ஏன்டா இப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "செல்ஃபி எடுக்க யார் தோள் மேலயோ கை போட்டிருக்காரும்மா, அந்த ஆளு நகந்துட்டான்"ன்னான். எனக்கு சிரிப்பு அடக்க முடியல. மாடுன்னு சொன்னதும் உடனே அதே மாதிரி நிக்க ட்ரை பண்ணான், கால குறுக்க போட்டு கைய அந்தரத்துல வச்சு, ரெண்டு செகண்ட்ல தடுமாறிட்டான். அப்புறம் தாத்தாவ பக்கத்துல இழுத்து வச்சு அவர் தோள்ல கைய ஊனிக்கிட்டான். அப்ப சரியா நின்னான். அப்பாவும் அசையாம மாடா நின்னாரு, ஒரு மூணு நாலு நிமிஷம்.

பின்பக்கம் பாக்கச் சொன்னீங்களே குடமுருட்டி, முடிஞ்ச இடத்துல பாத்தேன். ஒரு அம்மன் சிலை, எந்த ஊருன்னு குறிச்சு வைக்கல, பின்னாடி சடை முடிச்சு அப்படியே தொங்குது. எங்க அம்மா எனக்கு பின்னிவிட்ட மாதிரி. இத எழுதும்போது கூட ஒரு மாதிரி இருக்கு.

அப்பா கும்புடுற விஷயம். கலைக்கூடத்துக்குள்ள இருக்குற நாயக்கர் தர்பார்ல சரபோஜி மன்னரோட வெள்ளைப் பளிங்குச் சிலை ஒண்ணு இருக்கு, கை ரெண்டையும் கூப்பி நிக்கிறாரு. பலகைல பாத்தேன், பிளாக்ஸ்மேன்னு இங்கிலாந்து சிற்பி செஞ்சதாம். அப்பா வழக்கம் போல சாமிய கும்புட்டுட்டு வர, நான் மெதுவா "அப்பா, இது மியூசியம்ப்பா"ன்னேன். அவரு சரபோஜியக் காட்டி, "ராஜாவே இங்க கை கூப்பித்தான் நிக்கிறாரு, எனக்கென்ன?"ன்னுட்டு போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் வாயத் திறக்கல. செருப்ப மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்தேன், அவரு கழட்டுன இடத்துலயே விட்டுட்டாரு.

பழைய சிலேட்டு அண்ணா, நீங்க சொன்ன பீடத்து ஓட்டைய அப்பாகிட்ட காட்டுனேன். "எங்க ஊர் சாமிக்கும் இப்படித்தான், நான் பல்லக்கு தூக்கிருக்கேன், தோள் தோல் உரிஞ்சிடும்"னு கதை ஆரம்பிச்சாரு. இத்தன வருஷத்துல எங்ககிட்ட சொன்னதே இல்ல.

---

ரெண்டாம்டோஸ் காபி:

திமிங்கலம் பாத்தீங்களா இல்லையா?

---

நெய்தல்பூ:

இல்லங்க, பசின்னு சொன்னேன்ல. அதுக்குத்தான் அடுத்த லீவுல மறுபடி போகணும்னு பையன் நச்சரிக்கிறான். ஆந்தை மூஞ்சிப் படம் பாத்தோம், பாத்ததுல இருந்து வீட்டுக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரா உத்துப் பாத்துட்டு எந்த மிருகம்னு என் காதுல சொல்லிட்டு இருக்கான். எங்க மாமனார என்னன்னு சொன்னான்னு இங்க எழுத மாட்டேன்.

---

உளிச்சத்தம்:

எழுதுங்க எழுதுங்க.